தேர்தல்ல நிக்காமலேயே அரசாங்க முடிவை மாத்துறவங்க: அழுத்தக் குழுக்கள் எப்படி வேலை செய்யுது?

ஒரு சட்டம் வருது, ஒரு வரி குறையுது, பெரிய திட்டம் ஒண்ணு பாதியிலேயே நிக்குது. செய்தியில மந்திரி பேரு வரும், கட்சி பேரு வரும், அதோட நாம அடுத்த செய்திக்குப் போயிடுவோம். ஆனா அந்த முடிவுக்குப் பின்னாடி பெரும்பாலும் சில பேரு வருஷக்கணக்குல மனு எழுதி, அதிகாரிகளைப் பாத்து, கோர்ட்டுக்கு அலைஞ்சு, தெருவுல உக்காந்து வேலை பாத்திருப்பாங்க. இல்லைன்னா சத்தமே இல்லாம ஒரு ஆபீஸ் ரூம்ல பேசி, சட்ட வரைவுல ரெண்டு வரியை மாத்த வெச்சிருப்பாங்க. இந்த ரெண்டு தரப்புமே அழுத்தக் குழுதான், நம்ம கண்ணுக்கு முதல் தரப்பு மட்டும்தான் தெரியுது.

கட்சிக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்னா, கட்சிக்கு ஆட்சி வேணும், அதனால எல்லா விஷயத்துலயும் ஒரு நிலைப்பாடு எடுத்தாகணும். அழுத்தக் குழுவுக்கு நாற்காலி வேண்டாம், அதுல யாரு உக்காந்தாலும் தன்னோட விஷயம் நடந்தா போதும். தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், வர்த்தக சபை, டாக்டர்கள் சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு, நோயாளிகளுக்காகப் பேசுற அமைப்பு எல்லாமே இதுக்குள்ள வரும். பாடப்புத்தகத்துல இதை ரெண்டா பிரிப்பாங்க, உறுப்பினர்களோட சொந்த நலனுக்காக நிக்கிற குழு ஒண்ணு, ஒரு கொள்கைக்காக நிக்கிற குழு இன்னொண்ணு. பரீட்சைக்கு இது போதும், ஆனா நடைமுறையில ரெண்டும் கலந்துதான் கிடக்கும், ஏன்னா டாக்டர்கள் சங்கம் சம்பள உயர்வும் கேக்கும், சிகரெட் விளம்பரத்தைத் தடை பண்ணச் சொல்லியும் கேக்கும்.

எனக்கு அதைவிட முக்கியமா படுறது வேற ஒரு கேள்வி. இந்த முடிவை எடுக்கப்போற ஆள் சரியா யாரு, அவருக்கு இந்தக் குழுகிட்ட இருந்து என்ன தேவைப்படுது, இவங்களைக் கண்டுக்காம விட்டா அவருக்கு என்ன நஷ்டம்? கோரிக்கை நியாயமானதுங்கறதுக்காக மட்டும் எந்த அரசாங்கமும் அசைஞ்சதா வரலாறு ரொம்பக் கம்மி, நியாயமான கோரிக்கைகள் தலைமுறை தலைமுறையா ஃபைல்லயே கிடந்திருக்கு.

அரசாங்கத்துக்கு ஒரு குழுகிட்ட இருந்து தேவைப்படுறதுன்னு பாத்தா முதல்ல தகவல். பூச்சிமருந்து பத்தி விதி எழுதுற அதிகாரிக்கு அந்தத் தொழில் எப்படி நடக்குது, எவ்ளோ உற்பத்தி ஆகுது, எங்க பிரச்சனை வரும்னு விவரம் வேணும், அந்த விவரம் பெரும்பாலும் அந்தக் கம்பெனிகள்கிட்டயேதான் இருக்கும், அதனால அவங்களைக் கூப்பிட்டுதான் கேப்பாரு. அப்புறம் ஒத்துழைப்பு. டாக்டர்களோ டீச்சர்களோ ஒத்துழைக்கலன்னா ஒரு திட்டம் காகிதத்துலயே நின்னுபோகும், அதனால அவங்க சங்கத்தைக் கேக்காம அறிவிக்கத் தயங்குவாங்க. அப்புறம் ஓட்டு, அப்புறம் நல்ல பேரு. இதுல ஏதாவது ஒண்ணு கையில இருக்கிற குழுவுக்குக் கதவு தானா திறக்கும். அவங்களை உள்வட்டக் குழுன்னு சொல்லலாம், வருஷம் பூரா அதிகாரிகளோட பேச்சுவார்த்தையிலயே இருப்பாங்க, ரோட்டுக்கு வரவேண்டிய அவசியமே பெருசா இருக்காது. இது எதுவும் இல்லாதவங்கதான் வெளிய நின்னு சத்தம் போட்டாகணும். ஊர்வலம் போறவங்களைப் பாத்து "எப்பப் பாரு போராட்டம்"னு சலிச்சுக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும், உள்ள போக வழி இருந்தா யாரும் வெயில்ல நிக்க மாட்டாங்க.

உலகத்துல இன்னைக்கு நாம பாக்குற பிரச்சார முறைகள் பலது ஒரே இடத்துல சேந்து தெரிஞ்சது பிரிட்டன்ல, அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கத்துல. 1787 மே மாசம் லண்டன்ல ஒரு அச்சகத்துல 12 பேரு கூடினாங்க, அதுல 9 பேரு குவேக்கர் மதப்பிரிவைச் சேந்தவங்க. அந்தக் காலத்துல குவேக்கர்கள் பார்லிமென்ட்டுல உறுப்பினரா உக்காரவே முடியாது, அதனால வில்லியம் வில்பர்ஃபோர்ஸ்ங்கற எம்பி உள்ள இருந்து பேசுறதுன்னும், இவங்க வெளிய இருந்து ஆதாரம் சேக்கறதுன்னும் வேலை பிரிஞ்சுது. தாமஸ் கிளார்க்சன்னு ஒருத்தர் குதிரையில துறைமுகம் துறைமுகமா போய் மாலுமிகளைப் பாத்துப் பேசுனாரு, கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்குற கருவி எல்லாம் வாங்கிட்டு வந்து ஜனங்க முன்னாடி காட்டுனாரு. புரூக்ஸ்னு ஒரு கப்பல், அதுக்குள்ள மனுஷங்களை எப்படி அடுக்கி ஏத்துறாங்கன்னு ஒரு படம் அச்சடிச்சாங்க, 480க்கு மேல சின்னச் சின்ன மனுஷ உருவம், இடைவெளியே இல்லாம வரிசை வரிசையா படுத்திருக்கும். அதுவரைக்கும் "வியாபாரம்"னு கேட்டுப் பழகுன ஜனங்க முதல்தடவையா அது என்னன்னு கண்ணால பாத்தாங்க, அந்தப் படம் இன்னைக்குப் பாத்தாலும் நெஞ்சு அடைக்கும்.

அடிமை வியாபாரத்தைத் தடை பண்றதுக்கான மசோதா 1791ல தோத்துப்போச்சு. தோத்ததும் அவங்க ஓயல, அடிமைகளை வெச்சு விளைவிச்ச சக்கரையை வாங்காதீங்கன்னு பிரச்சாரம் கிளம்புச்சு, பல லட்சம் பேரு சக்கரையை விட்டாங்கன்னு கிளார்க்சனே கணக்கு சொல்லியிருக்காரு. பெண்களுக்கு அப்போ ஓட்டு கிடையாது, ஆனா வீட்டுக்கு என்ன வாங்கணும்ங்கறது அவங்க கையில இருந்துச்சு, அந்தக் கையாலயே அரசியல் பண்ணாங்க. 1792ல மட்டும் 519 மனுக்கள் பார்லிமென்ட்டுக்குப் போச்சு. அப்பவும் கீழ்சபை படிப்படியா நிறுத்தலாம்னு சொல்ல, மேல்சபை அதையும் இழுத்தடிச்சுது, அடுத்த வருஷம் ஃபிரான்ஸோட சண்டை வந்துருச்சு, அந்த நேரத்துல கூட்டம் சேந்து கேள்வி கேக்குறவங்களையே தேசத்துரோகி மாதிரி பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, இயக்கம் பல வருஷம் முடங்கிப்போச்சு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இதுல ரொம்ப முக்கியமான பாடம். ஜேம்ஸ் ஸ்டீஃபன்னு ஒரு வக்கீல், கடல் வணிகச் சட்டம் நல்லா தெரிஞ்சவரு. அவர் ஒரு வழி கண்டுபிடிச்சாரு: எதிரி நாட்டுக் காலனிகளுக்கு பிரிட்டிஷ் கப்பல்கள் அடிமைகளைக் கொண்டுபோகக் கூடாதுன்னு ஒரு மசோதா. பாக்குறதுக்கு அது போர்க்கால நடவடிக்கை, எதிரிக்கு உதவக்கூடாதுன்னு சொல்ற மசோதாவை எதிர்த்தா எதிர்க்கிறவங்கதான் தேசத்துக்கு விரோதமா தெரிவாங்க. வில்பர்ஃபோர்ஸ் வேணும்னே வாயைத் திறக்காம ஒதுங்கி இருந்தாரு, அவர் பேசுனா உள்நோக்கம் தெரிஞ்சுடும்னு. 1806ல அது நிறைவேறுச்சு, பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தோட பெரும்பகுதி அதுலயே அடிபட்டுப்போச்சு, 1807ல முழுத் தடைச் சட்டமும் வந்துச்சு. 20 வருஷ ஆதாரம், படம், மனு, புறக்கணிப்பு எல்லாம் சேந்து நாட்டோட மனசைத் தயார் பண்ணி வெச்சுது, ஆனா கடைசிப் பூட்டைத் திறந்தது சபை நடைமுறையும் சட்டமும் தெரிஞ்ச ஒரு ஆளோட மூளை. ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் நடந்திருக்காது.

எதிர்த்தரப்பும் சும்மா இல்ல, அதையும் சொல்லணும். மேற்கிந்தியத் தீவுகள்ல அடிமைகளை வெச்சு கரும்புத் தோட்டம் நடத்துன முதலாளிகளும் ஒரு அழுத்தக் குழுதான், அவங்கள்ல பல பேரு எம்பியாவே இருந்தாங்க. 1833ல அடிமைமுறையையே ஒழிக்கிற சட்டம் வந்தப்போ, நஷ்ட ஈடா 2 கோடி பவுண்டு யாருக்குக் கிடைச்சுதுன்னா முதலாளிகளுக்கு. அடிமையா இருந்தவங்களுக்கு ஒரு காசு கிடையாது, அதுக்கு மேல சில வருஷம் அதே முதலாளிகிட்ட வேலை வேற பாக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருந்துச்சு. தோக்கும்போது கூட விலை வாங்கிட்டுதான் தோத்தாங்க. வலுவான அழுத்தக் குழு எப்படி இருக்கும்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன்.

கூட்டம் பெருசா இருந்தா ஜெயிச்சுடலாம்னு நினைக்கிறவங்களுக்கு 2003 பிப்ரவரி 15ஐ ஞாபகப்படுத்தணும். ஈராக் போருக்கு எதிரா லண்டன்ல அன்னைக்கு வந்த கூட்டம் அந்த நகரம் பாத்த மிகப்பெரிய ஊர்வலங்கள்ல ஒண்ணு, பத்து லட்சம் பேர் அளவுக்குச் சொல்றாங்க. மார்ச் 18ஆம் தேதி பார்லிமென்ட்டுல ஓட்டெடுப்பு, 412க்கு 149, போருக்கு அனுமதி. ஏன்? ஆளுங்கட்சிக்குப் பெரிய மெஜாரிட்டி இருந்துச்சு, பிரதான எதிர்க்கட்சியும் போரை ஆதரிச்சுது, அதனால ஊர்வலம் வந்தவங்க கோவத்துல ஓட்டை மாத்திப் போடணும்னாலும் ஆட்சியைப் பிடிக்கக்கூடிய இன்னொரு கட்சி அவங்க பக்கம் இல்ல. கூட்டத்தோட சைஸ் ஒரு எச்சரிக்கை மாதிரிதான், அந்த எச்சரிக்கையைக் கண்டுக்காம விட்டா நஷ்டம் வரும்னு முடிவெடுக்கிறவருக்குத் தோணணும், தோணலைன்னா அவர் ஜன்னலைச் சாத்திட்டு வேலையைப் பாப்பாரு.

இதுக்கு நேர் மாறான ஒரு உதாரணம் அமெரிக்காவுல. குடிபோதையில வண்டி ஓட்டுன ஒருத்தரால மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா 1980ல ஆரம்பிச்ச அமைப்பு, குடிச்சுட்டு வண்டி ஓட்டுறதுக்கு எதிரான தாய்மார்கள். குடிக்கிறதுக்கான குறைஞ்சபட்ச வயசை நாடு முழுக்க 21 ஆக்கணும்ங்கறது அவங்க கேட்டதுல ஒண்ணு. ஆனா அங்க அதை முடிவு பண்றது அந்தந்த மாநிலம், மத்திய அரசு நேரா உத்தரவு போட முடியாது. அம்பது மாநிலத்துலயும் போய் ஒண்ணொண்ணா போராடுறதுக்குப் பதிலா மாநிலங்கள் எல்லாத்துக்கும் பொதுவா வலிக்கிற இடம் எதுன்னு பாத்தாங்க, ரோடு போட மத்திய அரசு தர்ற பணம். வயசை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில ஒரு பகுதியைப் பிடிச்சுக்கலாம்னு 1984ல சட்டம் வந்துச்சு, 1988க்குள்ள எல்லா மாநிலமும் வழிக்கு வந்துருச்சு.

மந்திரியும் கேக்கல, சபையும் கேக்கலைன்னா கோர்ட்டு. தென்னாப்பிரிக்காவுல 1998ல ஆரம்பிச்ச சிகிச்சைக்கான செயல் இயக்கம் இதுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரசவத்தப்போ அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவுறதைக் குறைக்க நெவிராபின்னு ஒரு மருந்து இருந்துச்சு, அரசாங்கம் அதை மாகாணத்துக்கு ரெண்டு சோதனை மையத்துல மட்டும்தான் குடுத்துச்சு, மத்த அரசு ஆஸ்பத்திரில டாக்டர் நினைச்சாலும் குடுக்க முடியாது. இவங்க ஒரு பக்கம் "எச்ஐவி பாசிட்டிவ்"னு பெருசா எழுதுன டீ ஷர்ட் போட்டுட்டு ஊர்வலம் போனாங்க, இன்னொரு பக்கம் சாதாரண நோயாளிகளுக்கே மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு கத்துக்குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் வழக்கு. 2002 ஜூலையில அரசியல் சாசன நீதிமன்றம் மருந்தைக் குடுக்கத்தான் வேணும்னு சொல்லிடுச்சு. கோர்ட்டு வழியில ஒரு சிக்கல் இருக்கு, தீர்ப்பு காகிதத்துல வந்துடும், அதை அமல்படுத்துறது அதே அரசாங்கம்தான். வெளிய ஆள்பலம் இல்லாம வழக்கை மட்டும் நம்புன பல குழுக்கள் ஜெயிச்ச தீர்ப்பைக் கையில வெச்சுட்டு அலைஞ்சுட்டு இருக்காங்க.

இப்போ சத்தமில்லாத பக்கத்துக்கு வரேன், ஏன்னா அங்கதான் அதிகம் நடக்குது. சிகரெட்டால கேன்சர் வருதுன்னு ஆராய்ச்சிகள் வர ஆரம்பிச்சதும், 1953 கடைசியில அமெரிக்க சிகரெட் கம்பெனி முதலாளிகள் நியூயார்க்ல கூடிப் பேசுனாங்க. 1954 ஜனவரியில 400க்கும் மேற்பட்ட பேப்பர்கள்ல முழுப்பக்க விளம்பரம், உங்க ஆரோக்கியம்தான் எங்களுக்கு முக்கியம், நாங்களே ஆராய்ச்சிக் கமிட்டி வெக்கிறோம்னு. வெளிய பாத்தா பொறுப்பான ஆளுங்க மாதிரி இருக்கும், உள்ள நடந்தது "இன்னும் முடிவா தெரியல"ன்னு சொல்லிச் சொல்லியே சட்டத்தைத் தள்ளிப்போடுறது. சந்தேகம்தான் நம்ம சரக்குன்னு ஒரு கம்பெனியோட 1969 உள்குறிப்புலயே எழுதியிருக்கு, பின்னாடி அது வெளிய வந்துச்சு. 1998ல 46 மாநிலங்களோட போட்ட ஒப்பந்தத்துலதான் அந்த ஆராய்ச்சி அமைப்பையும், லாபி பண்ண, அதாவது அதிகாரத்துல இருக்கிறவங்களைப் பாத்துத் தங்களுக்குச் சாதகமா பேச, வெச்சிருந்த அமைப்பையும் கலைக்க வேண்டி வந்துச்சு, அதுக்கு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த இடைவெளியில செத்தவங்களை நினைச்சா இதையெல்லாம் "செல்வாக்கு"ன்னு மென்மையா சொல்ல எனக்கு மனசு வரல. அழுத்தம் குடுக்கிறதுன்னா ஒரு முடிவை எடுக்க வெக்கிறது மட்டும்னு நினைச்சுடாதீங்க, எடுக்கவேண்டிய முடிவை எடுக்கவிடாம வெக்கிறதும் அதுதான், அதை ஃபோட்டோ எடுக்க முடியாது, செய்தியாவும் வராது.

சரி, சிகரெட் கம்பெனிகள் கொஞ்சப் பேரு, பாதிக்கப்படுற ஜனங்க கோடிக்கணக்குல, அப்புறம் ஏன் அந்தக் கொஞ்சப் பேரு இவ்ளோ காலம் தாக்குப்பிடிச்சாங்க? மான்கர் ஓல்சன்ங்கற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965ல இதுக்கு ஒரு விளக்கம் குடுத்தாரு. பத்து கம்பெனி இருக்கிற துறையில ஒரு சட்டம் மாறுனா ஒவ்வொரு கம்பெனிக்கும் பெரிய லாபம், அதனால ஒவ்வொருத்தரும் ஆள் போட்டு காசு போட்டு வேலை பாப்பாங்க. ஆனா அந்தச் சட்டத்தால ஒவ்வொரு ஆளுக்கும் வருஷத்துக்கு ஏதோ கொஞ்சம்தான் நஷ்டம்னா, அதுக்காக யாரு லீவு போட்டுட்டு வருவா? நாம போகலைன்னாலும் மத்தவங்க போராடுவாங்க, கிடைச்சா நமக்கும் கிடைக்கும்னு எல்லாருமே வீட்ல இருந்துடுவாங்க. ஜனங்களுக்கு அக்கறை இல்லைன்னு திட்டுறதை விட இந்தக் கணக்கைப் புரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா இதைப் புரிஞ்ச குழுதான் பொதுவான கோவத்தை ஒவ்வொருத்தரோட சொந்த விஷயமா மாத்தும்.

அப்படி மாத்துனவங்க ராஜஸ்தான்ல இருந்தாங்க. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1990 மே 1ஆம் தேதி தேவ்டுங்ரிங்கற கிராமத்துல இருந்து ஆரம்பிச்ச கூலித் தொழிலாளர்கள் சங்கம். அரசு வேலைகள்ல குறைஞ்சபட்சக் கூலி தரமாட்டேங்கறாங்க, கேட்டா நீ வேலையே சரியா பாக்கல, ரெக்கார்டுல அப்படித்தான் இருக்குங்கறாங்க, ரெக்கார்டைக் காட்டுன்னா அது ரகசியம். பிரச்சனையோட முடிச்சு அந்தக் காகிதத்துல இருக்குன்னு அப்போதான் இவங்களுக்குப் பிடிபட்டுச்சு. 1994 டிசம்பர்ல இருந்து கிராமத்துல பொதுவிசாரணை நடத்துனாங்க, கையில கிடைச்ச வருகைப் பதிவேட்டையும் பில்லையும் மைக்ல ஊர் முன்னாடி சத்தமா வாசிக்கிறது, அவ்ளோதான். வாசிச்சா, செத்துப்போனவங்க பேர்ல கூலி போயிருக்கு, கட்டாத கட்டடத்துக்கு பில் இருக்கு, கூட்டத்துல உக்காந்திருக்கிறவர் பேரு வருது, அவர் எழுந்து நான் அந்த வேலைக்கே போகலைங்கறாரு. "தகவல் அறியும் உரிமை"ன்னு பிரசங்கம் பண்ணியிருந்தா எத்தனை பேரு வந்திருப்பாங்கன்னு தெரியாது, என் பேர்ல யாரு காசு எடுத்தான்னு தெரிஞ்சுக்க ஊரே வந்துச்சு.

1995 ஏப்ரல்ல முதலமைச்சர் சட்டசபையில ரெக்கார்டோட நகலைத் தருவோம்னு அறிவிச்சாரு. ஒரு வருஷமாச்சு, அரசாணை வரல. இங்க நிறைய இயக்கங்கள் ஏமாந்துடும், அறிவிப்பு வந்ததும் பட்டாசு வெடிச்சுட்டுக் கலைஞ்சுடுவாங்க. இவங்க அந்த அறிவிப்பு வந்த பேப்பர் செய்தியையே நோட்டீஸா அடிச்சு, 1996 ஏப்ரல்ல பியாவர்ங்கற ஊர்ல தர்ணா உக்காந்தாங்க, 40 நாள். ஊர் வியாபாரிகளும் ஜனங்களும் காய்கறி, தானியம், பணம்னு குடுத்துத் தாங்குனாங்க, டெல்லியில இருந்து பத்திரிகைக்காரங்களும் வக்கீல்களும் வந்தாங்க. அதே 1996ல மக்களின் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரம்னு ஒரு அமைப்பு உருவாச்சு, அதுல பத்திரிகையாளர்கள், வக்கீல்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாம் சேந்தாங்க, கிராமத்துக் கோவத்தை மசோதா வாசகமா எழுதத் தெரிஞ்சவங்க. 1997ல தமிழ்நாடு முதல் மாநிலமா ஒரு சட்டம் கொண்டுவந்துச்சு, மத்த சில மாநிலங்களும் வந்துச்சு, 2005ல நாடு முழுக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரிட்டன் கதையில பாத்த அதே சேர்க்கைதான், வெளிய ஜனங்க, உள்ள வாசகம் எழுதத் தெரிஞ்ச கை.

சட்டம் வந்ததோட வேலை முடியாதுங்கறதையும் இதே கதையில பாக்கலாம். 2006லயே அதிகாரிகள் ஃபைல்ல எழுதுற குறிப்புகளை வெளிய தரத் தேவையில்லைன்னு திருத்தம் கொண்டுவரப் பாத்தாங்க, எதிர்ப்பு கிளம்புனதுல அதைக் கைவிட்டாங்க. 2019ல, தகவல் தரலைன்னு வர்ற புகாரை விசாரிக்கிற தகவல் ஆணையர்களோட பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு பண்ணலாம்னு திருத்தம் வந்துச்சு, அப்பவும் எதிர்ப்பு இருந்துச்சு, ஆனா நிறைவேறிடுச்சு. ஜெயிச்ச குழு வீட்டுக்குப் போனதும் தோத்த தரப்பு மறுபடி உள்ள வரும், விதிமுறை எழுதும்போது, நிதி ஒதுக்கும்போது, ஆளை நியமிக்கும்போது. ஒரு குழு நிஜமா செல்வாக்கோட இருக்கான்னு பாக்கணும்னா சட்டம் வந்த அஞ்சு வருஷம் கழிச்சு அவங்க என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு பாருங்க.

யாரு யாரைப் பாத்துப் பேசுறாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும்னு சில நாடுகள் விதி வெச்சிருக்கு. அமெரிக்காவுல 1995 சட்டப்படி லாபி பண்றவங்க பதிவு பண்ணி, யாருக்காக எந்த விஷயத்துக்கு எவ்ளோ செலவாச்சுன்னு கணக்கு குடுக்கணும், ஐரோப்பிய யூனியன்ல 2011ல இருந்து ஒரு பொதுப் பதிவேடு இருக்கு. இந்தியாவுல லாபி பண்றவங்க பதிவு பண்ணணும்னு தனிச்சட்டம் எதுவும் கிடையாது. இருக்கிற ஒரு வாசல், 2014ல மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை. எந்த மசோதா வரைவையும் குறைஞ்சது 30 நாளாவது பொதுவுல வெச்சு கருத்து கேக்கணும்னு அது சொல்லுது. இது கொள்கைதான், சட்டமில்ல, அதனால எத்தனையோ மசோதா அந்த 30 நாளைப் பாக்காமலேயே சபைக்கு வந்திருக்கு. ஆனா வரைவு வெளிய வர்றப்போ அந்த 30 நாளுக்குள்ள எழுத்துல கருத்து அனுப்புறவங்க யாருன்னு பாத்தா, அந்தத் துறை கம்பெனிகளோட சங்கங்கள் தவறாம இருக்கும். அந்த அறிவிப்பு எந்த இணையதளத்துல எப்போ வரும்னு பாத்துச் சொல்றதுக்கே அவங்க தனியா ஆள் வெச்சிருப்பாங்க. ஏதாவது ஒரு விஷயத்துக்காகச் சங்கம் ஆரம்பிக்கப் போறீங்கன்னா பேனர் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த வேலைக்கு ஒரு ஆளை நியமிச்சுடுங்க.